140 வரிகளில் என் அஞ்சல் பெட்டி

புது லேப்டாப் கைக்கு வந்ததும் நான் முதலில் நகலெடுப்பது போட்டோக்களை இல்லை, ஒரு சின்ன எழுத்துக் கோப்பை. பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி, அப்புறம் மட்ஆர்சி. மொத்தம் 140 வரி. அதை ஹோம் டைரக்டரியில் வைத்து, மட் என்ற மின்னஞ்சல் நிரலை நிறுவி, கட்டளைகளைத் தட்டும் எழுத்துத் திரையான டெர்மினலில் நாலே எழுத்து தட்டினால் போதும், பழைய மெஷினில் விட்டுவந்த அஞ்சல் பெட்டி அப்படியே திறந்துகொள்ளும். அதே வரிசை, அதே நிறம், விரலுக்குப் பழகிய அதே விசைகள்.

அந்தக் கோப்பில் பாதி வரிகள் கட்டளைகளே இல்லை. ஹேஷ் குறியில் தொடங்கும் குறிப்புகள், எல்லாம் தமிழில். எந்த வரியை எப்போது சேர்த்தேன், எதற்காகச் சேர்த்தேன் என்று எழுதி வைத்திருக்கிறேன். "இது இல்லாவிட்டால் தமிழ் எல்லாம் கேள்விக்குறி." "நண்பருக்குப் போன அந்தக் கடிதத்துக்கு அப்புறம் சேர்த்தது." "சித்தப்பாவின் பழைய கடிதங்களுக்காக." காரணம் எழுத முடியாத வரியைக் கோப்பில் வைத்துக்கொள்வதில்லை என்று ஒரு கட்டத்தில் முடிவு செய்தேன். ஏன் அப்படி ஒரு பிடிவாதம் என்பதற்குக் கொஞ்சம் கதை சொல்ல வேண்டும்.

மட் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. மின்னஞ்சலை டெர்மினலிலேயே படிக்க, எழுத, அடுக்கி வைக்க உதவும் நிரல் அது. மைக்கேல் எல்கின்ஸ் என்பவர் 1995-ல் எழுதத் தொடங்கியது. எல்ம், பைன் என்று அதற்கு முன்னால் இருந்த நிரல்களின் சாயல் எல்லாம் அதில் கலந்திருக்கும். கலப்பின நாய்க்கு ஆங்கிலத்தில் மட் என்று பெயர், அதையே இதற்கும் வைத்துவிட்டார். எல்லா மெயில் நிரல்களும் மோசம்தான், இது கொஞ்சம் கம்மியாக மோசம் என்று அவர் அன்றைக்குச் சொன்ன வார்த்தை இன்று வரை அதனோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. நியோமட் என்று ஒரு கிளையும் இருக்கிறது, நன்றாகவே வளர்ந்திருக்கிறது. கீழே நான் சொல்வதில் பெரும்பாலானவை இரண்டுக்கும் பொருந்தும். இரண்டிலும் பொத்தான் கிடையாது, 'அமைப்புகள்' என்று தட்டித் திறக்க ஒரு ஜன்னலும் கிடையாது. எதை மாற்ற வேண்டுமென்றாலும் அந்தக் கோப்பில் போய் எழுத வேண்டும்.

2011-ல் நான் செய்த முதல் வேலை, புதிதாக வருகிற எல்லோரும் செய்வதுதான். யாரோ எழுதி இணையத்தில் போட்டிருந்த 600 வரிக் கோப்பை அப்படியே எடுத்துப் போட்டுக்கொண்டேன். பார்க்க அழகாக இருந்தது. படிக்காத அஞ்சல் மஞ்சள், படித்தது பச்சை என்று சொல்லும் அளவுக்கு நிறம். ஆனால் கையேட்டைப் படித்து 'ஜி' விசையை அழுத்தினால் எல்லோருக்கும் பதில் எழுதும் திரை வர வேண்டும், வரவில்லை. அந்த மனிதர் விஐ எடிட்டர் பழக்கத்துக்காக 'ஜி'யை வேறு எதற்கோ கட்டி வைத்திருந்தார். அவருக்கு அது சரி. எனக்குக் கையேடு ஒன்று சொல்ல, திரை வேறொன்று செய்தது. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன், தமிழ் அஞ்சல் ஒன்றைத் திறந்ததும் திரை முழுக்கக் கேள்விக்குறியாக நின்றதைத்தான் பொறுக்க முடியவில்லை.

இரண்டு நாள் தேடினேன். எழுத்துருவை மாற்றினேன், டெர்மினலை மாற்றினேன், லினக்ஸையே மறுபடி நிறுவலாமா என்று யோசித்தேன். கடைசியில் அந்த 600 வரிக்குள், நானூறு சொச்சமாவது வரியில், 'சார்செட்' என்ற மாறிக்கு ஐஎஸ்ஓ-8859-1 என்று மதிப்புக் கொடுத்திருந்ததைப் பார்த்தேன். மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான குறியாக்கம், அதாவது எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறை. திரையில் காட்டுவதற்கு முன்னால் மட் ஒவ்வொரு எழுத்தையும் அந்தக் குறியாக்கத்துக்கு மாற்றப் பார்க்கிறது, அதில் தமிழுக்கு இடமே இல்லை, அதனால் கேள்விக்குறி போடுகிறது. அந்த மனிதர் தன் ஊருக்காக எழுதிய வரி அது. நான் படிக்காமல் வாங்கிக்கொண்டேன்.

அன்று இரவு கோப்பைக் காலியாக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். ஆறு வரி. என் பெயர், என் முகவரி, அஞ்சல் கோப்புறைகள் எங்கே இருக்கின்றன, புது அஞ்சல் எந்தக் கோப்புறையில் வந்து விழும், அஞ்சலை எந்தச் சேவையகம் வழியாக அனுப்புவது, எழுதுவதற்கு எந்த எடிட்டர். மட் மொழியில் ரியல்நேம், ஃப்ரம், ஃபோல்டர், ஸ்பூல்ஃபைல், எஸ்எம்டிபி யூஆர்எல், எடிட்டர். இந்த ஆறையும் வைத்துக்கொண்டே ஒரு வாரம் ஓட்டலாம், நான் ஓட்டினேன். ஏழாவது வரி, அஞ்சல்களை உரையாடல் வாரியாக அடுக்கச் சொல்லும் வரி. அதை எட்டாவது நாள் சேர்த்தேன், ஏனென்றால் அன்றைக்குத்தான் அது இல்லாமல் திண்டாடினேன்.

சார்செட் விஷயத்துக்கு வருகிறேன், தமிழில் அஞ்சல் எழுதுகிறவர்களுக்கு இதைவிட முக்கியமான இடம் வேறு இல்லை. அந்த மாறியை நீங்கள் தொடவே வேண்டாம். மட் அதைச் சுற்றுச்சூழலிலிருந்து, அதாவது 'லாங்' என்ற மாறியிலிருந்து தானாகவே எடுத்துக்கொள்ளும். அங்கே யூடிஎஃப்-8 என்று, அதாவது எல்லா மொழி எழுத்துகளும் அடங்கும் யூனிகோட் குறியாக்கம், இருந்தால் எல்லாம் நல்லபடி நடக்கும். இருக்கிறதா என்று பார்க்க டெர்மினலில் 'லொக்கேல்' என்று தட்டுங்கள். வீட்டு மெஷினில் தமிழ் தெரிகிறது, எஸ்எஸ்ஹெச் வழியாக வேறொரு மெஷினுக்குப் போனால் மட்டும் கேள்விக்குறி வருகிறது என்று யாராவது சொன்னால் பத்தில் ஒன்பது தடவை அந்தப் பக்கம் லாங் மாறி காலியாக இருக்கும், கோளாறு மட் கோப்பில் இருக்காது. அனுப்பும்போதும் கவலை வேண்டாம். முதலில் ஆங்கிலத்துக்கு மட்டுமான ஆஸ்கி, அப்புறம் ஐஎஸ்ஓ-8859-1, அப்புறம் யூடிஎஃப்-8 என்று வரிசையாக முயன்று, எழுத்து சேதாரமில்லாமல் அடங்குகிற முதல் குறியாக்கத்தைத் தானே தேர்ந்தெடுக்கும். ஒரே ஒரு தமிழ் எழுத்து இருந்தாலும் யூடிஎஃப்-8-ல் போய்விடும்.

அடுத்தது கடவுச்சொல். சேவையகத்தில் இருக்கும் அஞ்சலைப் படிக்கும் வழிக்கு ஐமேப் என்று பெயர், அதற்கான கடவுச்சொல்லை மட்ஆர்சி கோப்பிலேயே எழுதினால் வேலை செய்யும். தயவுசெய்து எழுதாதீர்கள். இந்தக் கோப்பு நாலு பேருக்குக் காட்டுகிற கோப்பு, நண்பருக்கு அனுப்புவோம், கோப்புகளைப் பகிரும் கிட் களஞ்சியத்தில் போடுவோம், ஒரு நாள் மறந்துபோய்க் கடவுச்சொல்லும் சேர்ந்து போய்விடும். நான் அதைத் தனிக் கோப்பில் எழுதி ஜிபிஜி என்ற மறையாக்க நிரலை வைத்துப் பூட்டியிருக்கிறேன். மட்ஆர்சியில் 'சோர்ஸ்' என்று ஒரு வரி மட்டும். சோர்ஸ் கட்டளைக்குக் கோப்பின் பெயருக்குப் பதிலாக ஒரு கட்டளையைக் கொடுத்து, கடைசியில் நிற்கும் குழாய்க்குறி ஒன்றைப் போட்டால், மட் அந்தக் கட்டளையை ஓட்டி, அது கக்குவதையே அமைப்பு வரிகளாக எடுத்துக்கொள்ளும். மட் திறக்கும்போது ஒரு தடவை ஜிபிஜி சாவிக்கான கடவுச்சொல்லைக் கேட்கும், அவ்வளவுதான். ஜிமெயில் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: 2022 மே 30-க்குப் பிறகு கணக்கின் சாதாரணக் கடவுச்சொல் இந்த மாதிரி நிரல்களில் செல்லாது. இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்ட் ஒன்று வாங்கி அதைத்தான் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் கடவுச்சொல்லை நிரலிடம் கொடுக்காமலே அனுமதி வாங்கும் ஓஆத் வழியில் போக வேண்டும்.

கடவுச்சொல்லில் எனக்கு நடந்த ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வேலைக்காக வைத்திருந்த ஒரு கணக்கு, மட் வழியாகப் போனால் மட்டும் கடவுச்சொல் தப்பு என்று திருப்பி அனுப்பியது. பிரவுசரில் அதே கடவுச்சொல் சரியாகப் போனது. சேவையகத்துக்காரர்களுக்குப் போன் போட்டுக் கேட்டேன், அவர்கள் பக்கம் எல்லாம் சரி என்றார்கள். கடவுச்சொல்லை மாற்றினேன், அதுவும் போகவில்லை. மூன்றாவது தடவை மாற்றிய பிறகுதான் ஒன்று தோன்றியது. மட்டுக்குள் இருந்தபடியே முக்காற்புள்ளியை, அதாவது கோலன் விசையை அழுத்தி, 'செட்' என்று எழுதி, மாறியின் பெயருக்கு முன்னால் ஒரு கேள்விக்குறி போட்டால், அந்த மாறிக்குள் இப்போது என்ன இருக்கிறது என்று காட்டும். ஐமேப் கடவுச்சொல் மாறியை அப்படிக் கேட்டேன். காட்டியது. நான் எழுதியது 14 எழுத்து, அது காட்டியது 9.

என் கடவுச்சொல்லின் நடுவில் டாலர் குறி இருந்தது. அதை இரட்டை மேற்கோளுக்குள் எழுதியிருந்தேன். இரட்டை மேற்கோளுக்குள் டாலர் குறியும் அதைத் தொடர்ந்து எழுத்துகளும் வந்தால், மட் அதை ஒரு மாறியின் பெயர் என்று எடுத்துக்கொண்டு மதிப்பைத் தேடும். அப்படி ஒரு மாறி இல்லையென்றால் அந்த இடத்தில் ஒன்றும் போடாது. டாலரும் அதற்குப் பின்னால் இருந்த நாலு எழுத்தும் சத்தமில்லாமல் காணாமல் போயின. மூன்று கடவுச்சொல்லிலும் எங்காவது ஒரு டாலரைப் போடும் பழக்கம் எனக்கு, அதனால் மூன்றும் தோற்றன. ஒற்றை மேற்கோளுக்கு மாற்றினேன், உடனே உள்ளே விட்டது. பின்சாய்ந்த ஒற்றைக் குறி, அந்த பேக்டிக், அது இன்னும் ஒரு படி மேலே: அதற்குள் இருப்பதைக் கட்டளையாகவே ஓட்டிவிடும். அன்று முதல் என் கோப்பில் எல்லாம் ஒற்றை மேற்கோள்தான். எங்காவது இரட்டை தேவைப்பட்டால் ஏன் என்று மேல் வரியில் எழுதிவிடுவேன்.

இனி ஹுக் என்கிற கொக்கிகள். இந்தக் கோப்பின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். இன்ன கோப்புறையைத் திறந்தால் இன்ன வரிகளை ஓட்டு, இன்னாருக்கு எழுதினால் இன்ன கையொப்பம் போடு என்று மட்டுக்குச் சொல்லி வைக்கலாம். எனக்கு வீட்டு முகவரி ஒன்று, வேலை முகவரி ஒன்று. வேலைக் கோப்புறைக்குள் போனால் அனுப்புநர் முகவரி வேலை முகவரியாக வேண்டும், அடியில் பதவி, தொலைபேசி எண், "இந்த அஞ்சல் ரகசியமானது, உங்களுக்கானது இல்லையென்றால் அழித்துவிடுங்கள்" என்கிற நாலு வரி எச்சரிக்கை எல்லாம் சேர வேண்டும். ஒரு ஃபோல்டர்-ஹுக் எழுதினேன். அழகாக வேலை செய்தது. பல மாதம் எந்தக் குறையும் தெரியவில்லை.

ஒரு நாள் காலையில் வேலை அஞ்சல்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கல்லூரி நண்பரின் அப்பா இறந்துபோன செய்தி வந்தது. எங்கள் எல்லோருக்கும் சோறு போட்ட மனிதர். வீட்டுக் கோப்புறைக்கு மாறி நண்பருக்கு ஒரு கடிதம் எழுதினேன், ஒரு மணி நேரம் ஆனது எழுதி முடிக்க. அனுப்பினேன். சாயங்காலம் அனுப்பியவை கோப்புறையில் அதைத் திறந்து பார்க்கிறேன், வேலை முகவரியிலிருந்து போயிருக்கிறது. கடைசி வரியில் அவர் அப்பா எனக்குப் போட்ட தோசையைப் பற்றி எழுதியிருந்தேன், அதற்குக் கீழே என் பதவி, அலுவலக எண், உங்களுக்கானது இல்லையென்றால் அழித்துவிடுங்கள். நண்பர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்குத்தான் இன்றைக்கும் அது உறுத்துகிறது.

காரணம் எளிது. ஃபோல்டர்-ஹுக் ஒரு மதிப்பை மாற்றும், ஆனால் அந்தக் கோப்புறையை விட்டு வெளியே வந்ததும் பழைய மதிப்பைத் திருப்பி வைக்காது. அறைக்குள் போகும்போது விளக்கைப் போடும், வெளியே வரும்போது அணைக்காது. அணைக்கச் சொல்லி நாம்தான் எழுத வேண்டும். அதற்கு வழி, எல்லாக் கோப்புறைக்கும் பொருந்தும் ஒரு ஃபோல்டர்-ஹுக். கோப்புறைப் பெயர் வரும் இடத்தில் ஒற்றைப் புள்ளி வைத்தால் எதற்கும் பொருந்தும். அதில் வீட்டு முகவரியையும் வீட்டுக் கையொப்பத்தையும் வைத்தேன். எந்தக் கோப்புறைக்குள் போனாலும் முதலில் வீட்டு அமைப்பு ஏறும், வேலைக் கோப்புறையாக இருந்தால் மட்டும் அதன் மேல் வேலை அமைப்பு ஏறும்.

'முதலில்' என்ற சொல்லைக் கவனியுங்கள். பொருந்துகிற எல்லா ஹுக்குகளையும் மட் ஓட்டும், கோப்பில் எழுதிய வரிசையிலேயே ஓட்டும். அவசரத்தில் புள்ளி வரியைக் கோப்பின் கடைசியில் சேர்த்திருந்தேன். வேலைக் கோப்புறைக்குள் போனதும் வேலை முகவரி ஏறியது, அடுத்த நொடியே புள்ளி வரி ஓடி வீட்டு முகவரியைத் திரும்ப வைத்துவிட்டது. பொதுவான வரி மேலே, குறிப்பான வரி கீழே. இதைச் சோதிக்கவும் அதே கேள்விக்குறி வித்தைதான்: ஒவ்வொரு கோப்புறைக்குள்ளும் போய் ஃப்ரம் மாறியில் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பார்த்தேன். கூடவே ரிவர்ஸ்நேம் என்ற அமைப்பையும் இயக்கினேன், என் முகவரிகள் எவை என்று ஆல்டர்நேட்ஸ் வரியில் சொல்லிவிட்டு. ஓர் அஞ்சல் எந்த முகவரிக்கு வந்ததோ அதே முகவரியிலிருந்து பதில் போகும். இப்போது கடிதம் எழுதி முடித்து, அனுப்பும் 'ஒய்' விசையை அழுத்துவதற்கு முன்னால், திரையின் மேலே அனுப்புநர் வரியில் என் கண் தானாகப் போய் நிற்கிறது.

வலைப்பக்கம் போல வடிவமைத்து வரும் ஹெச்டிஎம்எல் அஞ்சல்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வங்கி, ரயில் டிக்கெட், மின்கட்டணம் எல்லாம் அப்படித்தான் வருகிறது. மெயில்கேப் என்ற வேறொரு சின்னக் கோப்பில், ஹெச்டிஎம்எல் வந்தால் லிங்க்ஸ் உலாவியிடம் கொடுத்து வெறும் எழுத்தாக வாங்கு என்று ஒரு வரி எழுதி, அதன் கடைசியில் காப்பியஸ்அவுட்புட் என்ற சொல்லைச் சேர்த்து, மட்ஆர்சியில் ஆட்டோவியூ வரி ஒன்றைப் போட்டால் முடிந்தது. அந்தக் கடைசிச் சொல்லை விட்டுவிட்டால் ஒன்றும் நடக்காது, அதில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள்.

இணைப்பு விஷயத்தைச் சொல்லலாம், அதில் தமிழ் கொஞ்சம் விளையாடுகிறது. "இத்துடன் கோப்பை இணைத்திருக்கிறேன்" என்று எழுதிவிட்டு இணைக்காமல் அனுப்புவது எல்லோருக்கும் நடப்பதுதான். 2018-ல் வந்த மட் 1.10 பதிப்பில் இதற்கு ஒரு காவல் சேர்த்தார்கள், அபார்ட் நோஅட்டாச் என்று பெயர். அதை இயக்கி வைத்தால், கடிதத்தில் 'அட்டாச்' என்ற ஆங்கிலச் சொல் இருந்து, கோப்பு எதுவும் இணைக்கப்படாமல் இருந்தால், அனுப்புவதற்கு முன் நிறுத்திக் கேட்கும். எந்தச் சொல்லைத் தேடுவது என்பதை நாமே மாற்றலாம். நான் 'இணை' என்று போட்டேன். அன்றைக்கே நாலு தடவை நிறுத்தியது. இணையம், இணையதளம், இணையவழி எல்லாவற்றிலும் இணை இருக்கிறதே! அப்புறம் யோசித்து, இணைக்குப் பின்னால் 'த்' வந்தாலோ 'ப்' வந்தாலோ மட்டும் பிடிக்கும்படி மாற்றினேன். இணைத்துள்ளேன், இணைத்திருக்கிறேன், இணைப்பில் காண்க எல்லாம் மாட்டும், இணையம் தப்பித்துக்கொள்ளும். பிராட்பேண்ட் இணைப்பு அறுந்துவிட்டது என்று யாருக்காவது எழுதினால் மட்டும் இன்றைக்கும் கோப்பு எங்கே என்று கேட்கும். அதை அப்படியே விட்டுவிட்டேன், அது கேட்டு நான் பிழைத்த நாட்கள் அதிகம்.

பட்டியல் திரையில் தமிழ்ப் பெயர்கள் கோணல் மாணலாக நிற்பதும் பலரும் கேட்கும் கேள்வி. டெர்மினல் என்பது கட்டம் போட்ட கணக்கு நோட்டு மாதிரி, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கட்டம். தமிழில் உயிர்மெய்யை யூனிகோட் இரண்டு துண்டாக வைத்திருக்கிறது, அகர மெய் ஒன்று, உயிர்க்குறி ஒன்று. உயிர்க்குறிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு கட்டம் என்று கணக்கு, ஆனால் 'ஈ' காரக் குறிக்கும் மெய்ப்புள்ளிக்கும் கட்டமே கிடையாது. அதனால் 'மீன்' என்றால் இரண்டு கட்டம், 'மினி' என்றால் நாலு. கண்ணுக்கு ஏறக்குறைய ஒரே நீளத்தில் இருக்கும் இரண்டு சொற்கள், டெர்மினலின் கணக்கில் ஒன்று மற்றொன்றின் இரு மடங்கு. மட்டின் வழக்கமான பட்டியல் வடிவம் பெயருக்கு 15 கட்டம் ஒதுக்கி அதற்கு மேல் வெட்டிவிடும். வெட்டு உயிர்மெய்யின் நடுவில் விழுந்தால் பெயரின் கடைசி 'ரி' வெறும் 'ர' ஆகிவிடும்.

இதை மட்ஆர்சியால் முழுதாகச் சரிசெய்ய முடியாது, டெர்மினல் எழுத்தை எப்படி வரைகிறது என்பதும் சேர்ந்தது. எம்எல்டெர்ம் இந்திய எழுத்துகள் உட்படப் பல மொழிகளுக்காக எழுதப்பட்ட டெர்மினல், கான்சோல் என்ற டெர்மினலும் எனக்கு ஒப்பேறுகிறது. கோப்பில் நான் செய்தது, இண்டெக்ஸ் ஃபார்மட் வரியை மாற்றி எழுதியது. தேதியும் அளவும் இடது பக்கம், பெயருக்கு 24 கட்டம், தலைப்பு கடைசியில். கோணல் வந்தாலும் வரியின் வால்பக்கம் மட்டும்தான் வரும், தேதிகள் நேர்கோட்டில் நிற்கும். காலையில் திரையைத் திறந்ததும் கண்ணுக்கு அந்த நேர்கோடு வேண்டும்.

கடைசியாகச் சேர்த்த வரிகள் சித்தப்பாவுக்காக. போன வருடம் அலமாரியைச் சுத்தம் செய்தபோது ஒரு சிடி கிடைத்தது, 2001, 2002-ல் எனக்கு வந்த அஞ்சல்களை ஒரே எம்பாக்ஸ் கோப்பாக எழுதி வைத்தது. சித்தப்பா அப்போது சிங்கப்பூரில் வேலை பார்த்தார், முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளில் தட்டச்சு செய்து தமிழிலேயே எழுதுவார். நான் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, இணைமதி எழுத்துரு அந்த மெஷினில் இருக்கிறதா என்று முதலில் பார்த்து, குறியாக்கத்தை 'யூசர் டிஃபைன்ட்' என்று மாற்றிப் படிப்பேன். அந்தக் காலத்தில் இருந்தவர்களுக்கு இது நினைவிருக்கும்.

மட் எம்பாக்ஸ் கோப்பை நேராகவே திறக்கும். திறந்தேன். தலைப்பில் 'தமிழ்' என்று இருக்க வேண்டிய ஓர் இடத்தில் முக்கால் என்ற பின்னக் குறி, தலையில் கோடு போட்ட ஏ, அமெரிக்க சென்ட் காசின் குறி, கோடு போட்ட யூ. எனக்கு உடனே புரிந்துவிட்டது, டிஸ்கி. யூனிகோட் பரவுவதற்கு முன்னால் தமிழர்கள் கூடிப் பேசி உருவாக்கிய எட்டு பிட் குறியாக்கம். முதல் 128 இடம் ஆங்கிலத்துக்கு, அடுத்த 128 தமிழுக்கு. கண்ணால் பார்க்கும் வரிசையிலேயே எழுத்தை வைக்கும், 'கொ' என்றால் ஒற்றைக் கொம்பு முதலில், அப்புறம் க, அப்புறம் கால். யூனிகோட் அப்படியில்லை, க முதலில் வரும். ஆகவே வெறுமனே எண்ணுக்கு எண் மாற்றினால் போதாது, இடமும் மாற்றி அடுக்க வேண்டும்.

அந்த வேலையை லினக்ஸில் குறியாக்கம் மாற்றும் ஐகான்வ் என்ற கருவி ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறது. அது அறிந்த குறியாக்கங்களின் பட்டியலில் டிஸ்கியும் இருக்கிறது. மட் எழுத்து மாற்ற அதைத்தான் கூப்பிடும். ஓர் அஞ்சலின் மேல் நின்று கன்ட்ரோலையும் 'ஈ'யையும் அழுத்தினேன், அதன் உள்ளடக்க வகையைத் திருத்த விடும் விசை அது. குறியாக்கம் என்ற இடத்தில் இருந்ததை அழித்து டிஸ்கி என்று எழுதி என்டர் தட்டினேன். திரை ஒரு தடவை மின்னியது. "அன்புள்ள தம்பிக்கு, இங்கே நாலு நாளாக மழை. ஊரில் கிணறு எப்படி இருக்கிறது?"

கன்ட்ரோல் 'ஈ' செய்யும் மாற்றம் கோப்புறையை விட்டு வெளியே வந்தால் போய்விடும், நிரந்தரத்துக்குக் கோப்பில் எழுத வேண்டும். பெரும்பாலான கடிதங்களில் குறியாக்கத்தின் பெயர் எக்ஸ்-யூசர்-டிஃபைன்ட் என்று இருந்தது. சார்செட்-ஹுக் என்ற வரியில், இந்தப் பெயரைக் கண்டால் டிஸ்கி என்று எடுத்துக்கொள் என்று எழுதினேன். சிலவற்றில் பெயரே இல்லை. அதற்கு அஸ்யூம்ட் சார்செட் என்று ஒரு மாறி உண்டு, குறியாக்கம் சொல்லாமல் வருகிற அஞ்சலை எதுவாக எண்ணிக்கொள்வது என்பதற்கு. அதை எல்லாக் கோப்புறைக்கும் வைத்தால் மற்றவர்களின் அஞ்சல் கெடும், ஆகவே சித்தப்பா கோப்புறைக்கு மட்டும் ஒரு ஃபோல்டர்-ஹுக், அதற்கு மேலே புள்ளி ஹுக்கில் அதைப் பழைய நிலைக்குத் திருப்பும் ஒரு சொல். இந்தத் தடவை வரிசை தப்பவில்லை.

அன்றைக்கே சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். "சித்தப்பா, நீங்க சிங்கப்பூர்ல இருந்து எழுதுன மெயில் எல்லாம் கிடைச்சிருக்கு." "எந்த மெயில்டா?" "கிணத்துல தண்ணி எப்படி இருக்குன்னு கேட்டீங்களே, 2001-ல." கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப உங்க தாத்தா இருந்தார்ல" என்றார். அப்புறம், "எல்லாத்தையும் எனக்கு அனுப்பு தம்பி, போன்ல படிக்கிறேன்."

'பி' விசையால் அனுப்பினால் மட் அஞ்சலை இருந்தது இருந்தபடியே திருப்பி அனுப்பும், பழைய டிஸ்கி அவர் போனில் மறுபடி பின்னக் குறியாகவே போய் நிற்கும். 'எஃப்' விசை, அதாவது ஃபார்வர்ட், அப்படியில்லை: கடிதத்தை அவிழ்த்து, எழுத்தை மாற்றி, புது அஞ்சலின் உடம்பாக வைத்துக் கொடுக்கும், வெளியே போகும்போது அது யூடிஎஃப்-8. மொத்தம் 37 கடிதம். ஒவ்வொன்றாக அனுப்பலாம் என்று முதல் கடிதத்தை அனுப்பிவிட்டு டீ போட எழுந்தேன். திரும்பி வருவதற்குள் பட்டியலின் அடியில் ஒரு புது வரி வந்திருந்தது, போனிலிருந்து தட்டிய ஒரே சொல்.

"அடுத்தது?"